மூன்று நான்கு மாதம், ஐந்து நாடு, ஒரு தோள்பை: தென்கிழக்கு ஆசியப் பயணத்தைத் திட்டமிடும் முறை

மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா ஆகிய ஐந்து நாடுகளையும் ரயிலிலும் பஸ்ஸிலும் படகிலுமாகவே சுற்றி வரலாம். திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். அங்கிருந்து வடக்கே ஏறி, கிழக்கே திரும்பி, தெற்கே இறங்கினால் ஏறக்குறைய ஒரு வட்டம் முடிகிறது. மூன்று நான்கு மாதம் கையில் இருக்கிறவருக்கு, முதல் நெடும்பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் இல்லை என்பது என் எண்ணம். செலவு தாங்கும், விசா கிடைக்கும், எங்கே போனாலும் சோறு உண்டு.

இப்படிப் போகிறவர்களில் சிலர், பயணம் முழுவதற்கும் அறை பதிவு செய்துவிட்டுக் கிளம்புகிறார்கள். மூன்றாவது வாரத்தில் ஓர் ஊர் பிடித்துப்போய், இன்னும் நான்கு நாள் இருக்கலாமே என்று மனம் சொல்லும்போது அட்டவணை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. வேறு சிலர் எதையும் யோசிக்காமல் போய், விசா முடிகிற நாளில், பண்டிகைக் கூட்டத்தில், டிக்கெட் கிடைக்காத பஸ் நிலையத்தில் நிற்கிறார்கள். பந்தலுக்கு நான்கு கால்களை ஆழமாக ஊன்றிவிட்டால் மேலே கீற்றை எப்படி வேண்டுமானாலும் வேயலாம். பருவம், பாதை, விசா, பணம் ஆகிய நான்கையும் ஊரில் இருக்கும்போதே உறுதியாக முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாவற்றையும் போகிற வழியில் முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் படி: காலண்டரைப் பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்

எந்த ஊரைப் பார்ப்பது என்பதற்கு முன்னால், எந்த ஊரை எந்த மாதத்தில் தவிர்ப்பது என்று எழுதுங்கள். பாதை தானாகவே உருவாகிவிடும்.

வட தாய்லாந்திலும் வட லாவோஸிலும் பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வயல்களையும் காட்டுச் சருகுகளையும் எரிக்கிறார்கள். மார்ச்சில் சியாங் மாய் நகரில் நின்றால், ஊரை ஒட்டி நிற்கும் டோய் சுத்தேப் மலையே புகையில் மறைந்துபோகிற நாள்கள் உண்டு. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதத்தில் அங்கே போகவே கூடாது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்று வியட்நாமின் நடுப்பகுதியையும் தாய்லாந்து வளைகுடாத் தீவுகளையும் நனைக்கிறது. அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் புகுவது வழக்கமான செய்தி. 2025 நவம்பரில் தென் தாய்லாந்தின் ஹட்யாய் நகரமே மூழ்கியது. அந்தமான் கடல் பக்கம் உள்ள கிராபியும் புக்கெட்டும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நன்றாக இருக்கும்.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் நவம்பர் கடைசியில் மலேசியா, டிசம்பரில் தாய்லாந்து, ஜனவரியில் லாவோஸ், பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வியட்நாம், கடைசியாகக் கம்போடியா என்ற வரிசை கிடைக்கிறது. புகைக்கு முன்பே வடக்கைக் கடந்துவிடுகிறீர்கள். வியட்நாமின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேரும்போது அங்கே வெயில் வந்திருக்கும். கம்போடியாவில் வெப்பம் கடுமையாக இருக்கும், ஆனால் நம்மூர்ச் சித்திரை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது தாங்கக்கூடியதே.

இரண்டு பண்டிகைகளைக் காலண்டரில் சிவப்பு மையால் குறியுங்கள். ஒன்று டெட், அதாவது வியட்நாமியப் புத்தாண்டு. 2027-இல் அது பிப்ரவரி 6. அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரம் நாடே சொந்த ஊருக்குப் போகிறது. ரயிலில் இடம் இருக்காது, சிறு உணவகங்கள் மூடிக்கிடக்கும், விசா அலுவலகமும் இயங்காது. அந்த வாரம் லாவோஸிலேயே இருந்துவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு எல்லை தாண்டுவதுதான் நல்லது. மற்றது ஏப்ரல் நடுப்பகுதி. சூரியன் மேஷத்தில் நுழைவதைக் கணக்கிட்டு நாம் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடுகிற அதே நாள்களில்தான் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா மூன்றுக்கும் புத்தாண்டு. அந்த வாரத்தில் பயணம் வைக்காமல் ஏதாவது ஓர் ஊரில் தங்கி, தண்ணீர்த் திருவிழாவை அனுபவியுங்கள்.

இரண்டாம் படி: முதுகெலும்புப் பாதை

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். என்ற மின்சார ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து படகில் பினாங்கு. ஜார்ஜ் டவுனில் குயின் தெரு மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழிலேயே பேசிச் சாப்பிட்டு, சிம் வாங்கிக்கொண்டு, நடக்கிற வேகத்துக்கு உடம்பைப் பழக்கலாம். முதல் வாரத்தை இங்கே செலவிடச் சொல்வதற்கு அதுதான் காரணம். பயணத்தின் தொடக்கத்தில் மொழியும் உணவும் அந்நியமாக இல்லாதது பெரிய தெம்பு.

அடுத்தது பட்டர்வொர்த்திலிருந்து எல்லை நிலையமான பாடாங் பெசார். அங்கே இரு நாட்டுச் சோதனையும் ஒரே நிலையத்தில் முடியும். பாங்காக் செல்லும் இரவு ரயிலும் அங்கிருந்தே புறப்படுகிறது. தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதால் டிக்கெட்டில் எந்த நாட்டு நேரம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தென்கோடி மாகாணங்களான பட்டாணி, யாலா, நராதிவாட் பக்கம் வன்முறை ஓயவில்லை. அங்கே போக வேண்டாம். அந்த வாரம் ஹட்யாய் பக்கம் கனமழை எச்சரிக்கை இருந்தால், தயங்காமல் பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ விமானத்தில் கிளம்பிவிடுங்கள்.

பாங்காக்கிலிருந்து சியாங் மாய்க்கு இரவு ரயில். பிறகு எல்லை ஊரான சியாங் கோங், 2013-இல் திறந்த நான்காம் நட்புறவுப் பாலம், அக்கரையில் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கிருந்து லுவாங் பிரபாங்குக்கு மேகாங் ஆற்றில் இரண்டு நாள் படகு. இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கட்டாயம் என்று சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன். நீண்ட மரப்படகு. பழைய கார்களிலிருந்து கழற்றிய இருக்கைகள்தான் பெரும்பாலும் இருக்கும். பின்பகுதியில் எஞ்சின் இரைச்சல் காதைப் பிளக்கும் என்பதால் சீக்கிரம் போய் முன்பக்கம் உட்காருங்கள். ஊர் எதுவும் தெரியாத மணல் கரையில் படகு ஒதுங்கும். ஓர் அம்மா அரிசி மூட்டையோடு இறங்கி, மேட்டில் ஏறிக் காட்டுக்குள் போய்விடுவார். காலையில் குளிர் எலும்பைத் தொடும், ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். இரவு பாக்பெங் என்ற சிற்றூரில் தங்கல். அங்கே அறைகள் ஏராளம், முன்பதிவு தேவையில்லை.

லுவாங் பிரபாங்கில் எத்தனை நாள் என்று முன்கூட்டி எழுதாதீர்கள். அங்கிருந்து 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ்–சீனா ரயில் பாதையில் இரண்டு மணி நேரத்தில் தலைநகர் வியன்டியன். மலைச்சாலையில் நாள் முழுக்க எடுத்த பயணம் அது. நிலைய வாசலில் விமான நிலையம்போலச் சோதனை நடக்கும். கத்தி, கத்தரிக்கோல், ஸ்பிரே டப்பாக்களை எடுத்துக்கொள்வார்கள்.

வியன்டியனிலிருந்து எல்லை தாண்டி ஹனோய் போங்கள். வியட்நாமில் ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை. ஒரே மூச்சில் போனால் ஒன்றரை நாளுக்குப் பக்கத்தில் ஆகும். அப்படிப் போகாமல் நின் பின், ஹுவே, டா நாங் என்று இறங்கி இறங்கிப் போங்கள். ஹுவேயிலிருந்து டா நாங்குக்குப் பகல் ரயிலில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால், ஹாய் வான் மலைச்சரிவில் கடல் காலடியில் விரியும். டா நாங்குக்குப் பக்கத்தில் மீ சன் இருக்கிறது. சாம்பா மன்னர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள், அமெரிக்கக் குண்டுவீச்சில் சிதைந்தவை போக மிச்சம் நிற்கின்றன. நம்மவர்கள் பலர் இதைத் தெரியாமலே கடந்துபோகிறார்கள். அரை நாள் ஒதுக்குங்கள்.

ஹோ சி மின் நகரத்திலிருந்து மோக் பாய்–பாவெட் எல்லை வழியாகப் பஸ்ஸில் நோம் பென், பிறகு அங்கோர் கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப். முன்பெல்லாம் அங்கிருந்து எல்லை ஊரான பொய்பெட் வழியாகப் பாங்காக் திரும்பி வட்டத்தை முடிப்பார்கள். 2025 ஜூன் மாதம் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் பதற்றம் முற்றித் தரைவழி மூடப்பட்டது. ஜூலையிலும் டிசம்பரிலும் சண்டையே நடந்தது. எனவே கம்போடியாவைக் கடைசியாக வைத்து அங்கிருந்து விமானத்தில் வெளியேறும்படி திட்டமிடுங்கள். எல்லை திறந்திருந்தால் லாபம்.

இந்த முதுகெலும்பில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்நுழையும் வாசலையும் வெளியேறும் வாசலையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மொத்த நாள்களில் மூன்றில் ஒரு பங்கை எந்த ஊருக்கும் ஒதுக்காமல் விடுங்கள். காய்ச்சல், மழை, நட்பு, காதல், சோம்பல் எல்லாவற்றுக்கும் அந்த நாள்கள்தான் கைகொடுக்கும்.

மூன்றாம் படி: பாஸ்போர்ட்டும் விசாவும்

இங்கே சொல்வது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விதிகள் வேறு. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. புறப்படும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத் தளத்தில் மறுபடியும் பார்த்துவிடுங்கள்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு அளிக்கிறது. இது 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. தாய்லாந்து 2024 ஜூலையில் விலக்கை 60 நாளாக உயர்த்தியது. அதைக் குறைக்கும் பேச்சும் எழுந்ததால் உங்கள் கணக்கை 30 நாளுக்குள் போடுங்கள். இரு நாடுகளுக்கும் வருகை அட்டையை இணையத்தில், வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, கட்டணம் கேட்கும் தளம் போலி. தாய்லாந்தில் கூடுதலாகத் தங்கிவிட்டால் நாளுக்கு 500 பாட் அபராதம். முத்திரை குத்தியதும் சாவடியை விட்டு நகராமல் அதிலுள்ள தேதியைப் படியுங்கள்.

லாவோஸுக்கும் கம்போடியாவுக்கும் முக்கிய எல்லைகளில் வந்திறங்கியதும் 30 நாள் சுற்றுலா விசா கிடைக்கும். இணையத்தில் எடுக்கும் இ-விசாவை எல்லாச் சாவடிகளும் ஏற்பதில்லை. உங்கள் சாவடி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தபிறகே பணம் கட்டுங்கள். கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இல்லாத டாலர் நோட்டுகளும் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களும் பையில் இருக்கட்டும்.

வியட்நாம் விசாவுக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் இ-விசா தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். விண்ணப்பத்தில் எந்தத் தேதியில், எந்தச் சாவடி வழியாக நுழைகிறீர்கள் என்று எழுத வேண்டும். 90 நாள் கணக்கு நீங்கள் எழுதிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும், நுழைந்த நாளிலிருந்து அல்ல. குறித்த தேதிக்கு முன்னால் நுழையவும் முடியாது. ஆகவே உத்தேசத் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகத் தொடக்கத் தேதியைப் போட்டுவிட்டால் இரு பக்கமும் இடம் கிடைக்கும். லாவோஸில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். டெட் நெருங்கினால் முன்கூட்டியே.

பெயரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம்மில் ஏராளமானோர் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாகவே இருக்கிறது. விமான டிக்கெட், இ-விசா, வருகை அட்டை மூன்றிலும் பெயர் மூன்று விதமாக இருந்தால் எல்லையில் நிறுத்துவார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உள்ளன அல்லவா? அதில் இருக்கும் எழுத்துகளையே எங்கும் எழுதுங்கள். ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் வாங்கும்முன் அவர்கள் விதியைப் படியுங்கள். முடிந்தால் அப்பா பெயரையோ ஊர்ப் பெயரையோ சேர்த்துப் பாஸ்போர்ட்டையே புதுப்பித்துக்கொண்டு கிளம்புவது வாழ்நாளுக்கும் நல்லது.

பத்தாம் வகுப்புச் சான்று காட்டாமல் எடுத்த பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இ.சி.ஆர்., அதாவது வெளிநாடு போகக் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். அந்தக் கட்டுப்பாடு வேலைக்குப் போகிறவர்களுக்கானது என்றாலும், பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் இருப்பதால் கேள்விகள் கூடும். மேலும், போலி வேலை வாக்குறுதியில் இளைஞர்களை லாவோஸுக்கும் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கடத்தி, இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கொடுமை தொடர்ந்து நடந்திருக்கிறது. தனியாகப் போகும் இளைஞர்களை நம் குடியேற்ற அதிகாரிகள் துருவிக் கேட்பது அதனால்தான். அடுத்த நாட்டுக்கான டிக்கெட், முதல் சில நாள் தங்குமிடம், வங்கி இருப்பு, காப்பீடு ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு எடுத்துப்போங்கள். அடுத்த பயண டிக்கெட்டை விமானக் கவுன்ட்டரிலும் கேட்பார்கள். விலை குறைந்த ஒரு டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். வழியில் யாராவது "டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம்" என்றால் அந்த ஊரை விட்டே நகருங்கள்.

நான்காம் படி: பணம்

பொதுப் படுக்கை அறை, தெருவோர உணவு, பஸ், ரயில் என்று போனால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,500 முதல் 3,500 ரூபாய் வரை திட்டமிடலாம் என்பது என் மதிப்பீடு. இதில் விமானம், விசா, அங்கோர் நுழைவுச்சீட்டு போன்றவை சேரவில்லை. மொத்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாக வையுங்கள். அதோடு, எந்த நேரத்திலும் ஊர் திரும்ப விமான டிக்கெட் எடுக்கும் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டுகள், பையின் இரண்டு இடங்களில். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் முடக்கப்பட்டிருக்கும்; வங்கிச் செயலியில் இயக்கிவிடுங்கள். ஓ.டி.பி. உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கை ஊரிலேயே இயக்கி, குறுஞ்செய்தி வருமளவுக்கு அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். இணையத்துக்கு உள்ளூர் சிம். தாய்லாந்து ஏ.டி.எம்.கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிக்கின்றன, ஆகவே அடிக்கடி சிறு தொகை எடுப்பது வீண். திரையில் ரூபாயில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் விகிதம் எப்போதும் நமக்கு நட்டம்.

வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம். மங்கலான தெருவிளக்கில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மதிப்பில் 25 மடங்கு வித்தியாசம். பெரிய நோட்டுகளைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள். கம்போடியாவில் டாலரும் ரியெலும் சேர்ந்து புழங்கும். சில்லறை ரியெலில் வரும்.

அங்கோர் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் விரும்பிய எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். ஒரு நாள் கோயில், ஒரு நாள் ஓய்வு என்று மாற்றி மாற்றிப் போகிறவர்களுக்கு அதுவே சிறந்தது.

ஐந்தாம் படி: எதை முன்பதிவு செய்வது, எதை விடுவது

முதல் ஊரில் மூன்று இரவுகள். ஒவ்வொரு நாட்டிலும் நுழையும் நாளின் இரவு. டிசம்பரில் பாங்காக்–சியாங் மாய் இரவு ரயிலின் கீழ்ப்படுக்கை, லாவோஸ் ரயில், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை தங்குமிடம். இவற்றைத் தவிர மற்றதெல்லாம் ஓரிரு நாள் முன்னால் போதும். புது ஊரில் ஓரிரவு மட்டும் பதிவு செய்து, காலையில் அறையையும் தெருவையும் பார்த்துவிட்டு நீட்டிப்பது என் பழக்கம்.

ஆறாம் படி: உடம்பு, காப்பீடு, பைக்

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். ரேபிஸ் ஊசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டவருக்கு நாய் கடித்தாலும் ஊசி தேவைதான். ஆனால் சிற்றூர்களில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் என்ற தனி மருந்து தேவைப்படாது. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்குவுக்குக் கொசு விரட்டி. காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் வேண்டாம்.

காப்பீட்டை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்குங்கள். ஒரே பயணத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள், வெளிநாட்டில் இருந்தபடியே நீட்டிக்க முடியுமா, இரு சக்கர வாகன விபத்து சேருமா என்ற மூன்றையும் பாலிசியில் நீங்களே படியுங்கள். கடைசிக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. இந்தியா தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வருவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின் கீழ் வருவதை. அதாவது நம் அனுமதியோடு அங்கே பைக் ஓட்டினால் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகவே ஆகும். அடிபட்டால் காப்பீடு கைவிரித்துவிடலாம். வாடகைக் கடைக்காரர் அதைப் பற்றிக் கேட்க மாட்டார். வட வியட்நாமின் ஹா ஜியாங் மலைச்சுற்றுக்கு உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போங்கள். பள்ளத்தாக்கைப் பார்க்கவும் அப்போதுதான் முடியும்.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டால் பாதி கவலை தீரும்: தாய்லாந்தில் "ஜே", வியட்நாமில் "சாய்". இரண்டும் பௌத்தச் சைவம். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் மீன் சாறு ஊற்றித்தான் தருவார்கள். வியட்நாமில் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் உண்பதால் அன்றைக்குக் கடைகள் கூடும்.

ஏழாம் படி: பை

40 லிட்டர் பை, ஏழு கிலோ. சிக்கன விமானங்களின் கைப்பை வரம்பு பெரும்பாலும் அதுதான். நான்கு நாள் துணி போதும். கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் ஹனோய் 15 டிகிரிக்கு இறங்கித் தூறிக்கொண்டிருக்கும், சாப்பா மலையூர் அதைவிடக் குளிரும். ஒரு நல்ல ஜாக்கெட்டை அங்கேயே வாங்கலாம். கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் தோளையும் முழங்காலையும் மூடும் ஆடை வேண்டும். ஒரு வேட்டித் துண்டு அதற்கும் போர்வைக்கும் படகில் தலையணைக்கும் ஆகும். மின் சிகரெட்டை எடுத்துப்போகாதீர்கள், தாய்லாந்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள்.

எட்டாம் படி: வழியில்

வாரத்துக்கு ஒருமுறை ஓர் அரை மணி நேரம் உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: விசாவில் மீதி நாள், கணக்கில் மீதிப் பணம், அடுத்த எல்லையின் நிலவரம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் ஓர் ஊரில் இருக்கலாம். வீட்டுக்கு அந்த வாரத்து ஊர் பெயரையும் தங்குமிடத்தையும் அனுப்பிவிடுங்கள். ஐந்து தலைநகரங்களிலும் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அவசர எண்களைத் தாளிலும் எழுதிவையுங்கள்.

எல்லையைக் கடப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் போனால் பஸ் போய்விட்டிருக்கும், பேரம் பேசும் வலு உங்களிடம் இருக்காது. தொடர்ந்து இரண்டு இரவு பஸ்ஸில் தூங்க வேண்டாம். சுற்றிப் பார்க்கவே மனம் வராத நாள் ஒன்று எல்லோருக்கும் வரும். அன்றைக்குத் தனியறை எடுத்து, நன்றாகத் தூங்கி, வீட்டுக்குப் பேசுங்கள். ஒதுக்காமல் விட்ட நாள்களில் சிலவற்றை இதற்கே செலவழிக்கலாம்.

திரும்பும் டிக்கெட்டை, கடைசி நாட்டுக்குள் நுழைந்து ஒரு வாரம் ஆனபிறகு வாங்குங்கள். சியெம் ரீப், நோம் பென், ஹோ சி மின் நகரம் ஆகிய மூன்றிலிருந்தும் கோலாலம்பூர் அல்லது பாங்காக் வழியாகச் சென்னை, திருச்சிக்கு விலை பாருங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக எடுத்தால் இடையில் ஓரிரவாவது விடுங்கள். வழியில் மலேசியாவுக்குள்ளோ தாய்லாந்துக்குள்ளோ நுழைந்து வெளியேற வேண்டியிருக்கும் என்பதால் வருகை அட்டையை மறுபடியும் நிரப்ப வேண்டும்.